தண்ணீர் படாத தரை

நான் வேலை பார்ப்பது தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில். அங்கே சுத்தம் என்றால் தண்ணீர்தான். இலை அரைக்கும் இயந்திரத்தையும் தரையையும் குழாய் வைத்து அடித்துக் கழுவுவார்கள். ஒரு வேளை கழுவாமல் விட்டால் சாறு புளித்துத் தூளில் வாடை ஏறிவிடும். இதையே பார்த்துப் பாதி வயது போன எனக்கு, குன்னூரில் ஒரு பிரெட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குப் போன மகள், அங்கே தண்ணீர்க் குழாயையே மூடிவிட்டாள் என்று கேட்டதும் ஒன்றும் ஓடவில்லை.

போனில் சொன்னவர் அவள் முதலாளி, எனக்கு முன்பே பழக்கமானவர். கடைகளிலிருந்து பூசணம் பிடித்த பாக்கெட்டுகள் திரும்பி வந்திருந்தனவாம்.

"நல்லாக் கழுவுங்கன்னு நான் சொன்னா, கழுவவே கூடாதுங்குதுங்க உங்க பொண்ணு. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னொருக்கா பூத்துச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

நான் போன அன்று எதிர்ச் சுவர் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். உள்ளே மகள் பிரெட் அடுக்கும் ரேக்கைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாவை உறிஞ்சும் மெஷின் இரைந்தது. பாக்கெட் போடும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, மாட்டுக்குக்கூடத் தண்ணி காட்டுவாங்க. உங்க பொண்ணு தரைக்குக் காட்ட மாட்டேங்குது. ஊட்டுலயும் இப்படித்தானா?"

மகளை ஓரமாகக் கூப்பிட்டேன். "எங்க ஃபேக்டரில நாள் பூரா கழுவறோமே, கண்ணு?"

"அது இலை, இது பிரெட்டுங்கப்பா. இந்த மூட்டத்துல தரை காயறதே இல்ல. அந்த ஈரத்துலதான் பூசணம் வளருது. குழாய்ல அடிச்சா அது ரேக்குக்கெல்லாம் தெறிக்குது. சூடு ஆறாம பாக்கெட் போட்டா அதுக்குள்ளயும் வேர்க்குது."

"ஒருவேளை நீ சொல்றது தப்பா இருந்தா?"

அவள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். வாசலில் முதலாளி, "சொன்னீங்களா?" என்றார். "பாக்கலாங்க" என்றேன். யார் பக்கம் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்றைய பாக்கெட்டுகளில் சிலவற்றை அவர் தனியாக எடுத்து வைத்தார். விற்க வேண்டிய கெடு முடியும்வரை பார்ப்பதாகப் பேச்சு. அந்த நாட்களில் எங்கள் தொழிற்சாலையில் குழாய்ச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்த் தரை காய்கிறதா என்று பார்ப்பேன். மாலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் முகத்தைப் பார்த்துவிடுவேன்.

கெடு முடிந்த அன்று ஒரு பாக்கெட்டோடு வந்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. வேலையில் இருக்கச் சொல்லிவிட்டாராம். ஆனால், "இந்த வாரம் வெயிலும் அடிச்சுதில்லம்மா" என்றும் சொன்னாராம். அதுவும் உண்மைதான், நடுவில் மூட்டம் விலகியிருந்தது. காப்பாற்றியது அவள் பிரஷ்ஷா, வெயிலா?

"அடுத்த மூட்டத்துல தெரியுங்கப்பா" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். கையைப் பிடித்துத் தடுக்கத் தோன்றியது. எனக்கும் ஒன்று நீட்டினாள். விளக்குக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

"நீங்களுமாப்பா?" என்றாள்.

தின்றுவிட்டேன். வெறும் பிரெட்டாகத்தான் இருந்தது.