நாற்பத்தெட்டு சதவீதம்

பால் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக கிரீமின் கொழுப்பை அளந்து வந்தவளுக்கு அங்கே மீட்டரக்கா என்று பெயர். கெட்டியாக இருப்பதெல்லாம் கொழுப்பு என்று நம்புகிற ஆட்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"குளிர்ல வச்சா எதுவும் கெட்டியாத்தான் நிக்கும். குழாய்ல போட்டுச் சுத்துங்க, குட்டு வெளிப்படும்" என்பாள்.

அமிலம் சேர்த்துக் கண்ணாடிக் குழாயைச் சுழலவிட்டால் கொழுப்பு தனியாகப் பிரிந்து மேலே வந்து நிற்கும். காபியில் ஊற்றும் கிரீமில் இருபது சதவீதம். நுரைக்க அடிப்பதில் முப்பத்தைந்து. கெட்டி கிரீமில் நாற்பத்தெட்டு. அதைக் கொஞ்சம் கூடுதலாக அடித்தால் வெண்ணெயாகிவிடும்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். அவர் மெலிய ஆரம்பித்ததும் டாக்டரிடம் போகலாம் என்றாள். "வயசானா வத்தத்தானே செய்யும்" என்று அவர் தட்டிக் கழித்தார். சரி, தெரிந்த வைத்தியத்தைச் செய்வோம் என்று சோதனைக்கு எடுத்ததில் மிஞ்சிய கிரீமை அனுமதி கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதலில் இருபது, பிறகு முப்பத்தைந்து, கடைசியில் காலையும் மாலையும் ஒரு தம்ளர் நாற்பத்தெட்டு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். கன்னம் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் பேன்ட் இடுப்பில் கச்சிதமாக நின்றது. அவள் கண் அங்கேதான் போகும்.

"பாத்தீங்களா, உடம்பு பிடிக்குது" என்று பூரித்துப் போவாள்.

நான்காவது மாதம் தையல் மெஷின்மேலேயே மயங்கிச் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தபோது பதினான்கு கிலோ குறைந்திருந்தது.

"உங்க மெஷின் தப்பு டாக்டர். அவர் பேன்ட் பழையபடியேதான் இருக்கு" என்று சண்டைக்குப் போனாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "வாரா வாரம் இடுப்பைப் பிடிச்சுத் தச்சுக்கிட்டேன்" என்றார்.

கணையத்தில் கட்டி. சாப்பிடும் கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியே போகிறது என்றார் டாக்டர். "மலத்துல எண்ணெய் மிதந்துச்சா?"

"நாலு மாசமா" என்றார் அவர்.

"அப்பவே வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏங்க எங்கிட்ட மறைச்சீங்க?"

"நீ பாத்தா ஒரு நொடியில புரிஞ்சுக்குவே. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல. அதான் நீ எழுந்திருக்கிறதுக்குள்ள தண்ணி ஊத்தி விட்டுடுவேன்."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு கன்னத்திலும் அறையலாம் போலிருந்தது. அந்தக் கோபத்தைக் காட்ட ஏழு வாரம் கிடைத்தது. காட்டாமலே அனுப்பிவைத்தாள்.