ஒற்றை எதிர்ச்சீட்டு

மரியநேசனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கூட்டத்தில் கை தூக்குவார், அதுவும் எல்லோரும் இறக்கிய பிறகு.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர் அவர். அன்றன்று யார் வலை வளைப்பது என்பதை அந்தோனியார் கோயில் வாசலில் குடத்துக்குள் சீட்டுப் போட்டு எடுப்பதுதான் வழமை. தொண்ணூற்று மூன்றில் வின்சன் மீனவர் சங்கத் தலைவரானார். முதலில் சீட்டை நிறுத்தினார். அந்தோனியாருக்கு இனி அந்தச் சிரமம் வேண்டாமாம், முறையைத் தானே சொல்வாராம். பிறகு தேர்தலை நிறுத்தினார். போர்க்காலத்தில் போட்டி ஒற்றுமையைக் கெடுக்குமாம். மேலிடத்தில் அவருக்குச் செல்வாக்கு. ஆகவே ஊருக்கும் ஒற்றுமையில் திடீரென்று ஆசை வந்துவிட்டது.

மரியநேசன் கொப்பித் தாளில் "தேர்தல் வை" என்று எழுதி, சோற்றுப் பசையால் கரையோர மீன்வாடிக் குடிசைகளில் ஒட்டினார். கீழே கையெழுத்தும் போட்டார். எதிரிக்கு இவ்வளவு வேலை மிச்சப்படுத்திக் கொடுத்த புரட்சிக்காரர் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்.

"ஏனப்பா உங்களுக்கு மட்டும் இந்த வேலை?" என்றாள் மனைவி கிறேஸ்.

"இண்டைக்குச் சங்கத்திலை வாய் திறக்காட்டி, நாளைக்கு நாட்டிலையும் திறக்கேலாது."

அவருடைய வலைமுறை பறிபோனது. அவர் ஓயவில்லை. ஊர் முணுமுணுக்கவே, தான் தலைவராகத் தொடரலாமா என்று வீட்டுக்கொரு சீட்டாக இரகசிய வாக்கெடுப்பு நடத்த வின்சன் சம்மதித்தார். வாக்கெடுப்புக்கு முதல்நாள் மரியநேசனைச் 'சின்ன விசாரணை' என்று மேலிடத்து ஆட்கள் கூட்டிப் போனார்கள். அவர் வீட்டுச் சீட்டைக் கிறேஸ் போட்டாள்.

குடத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள். ஆதரவு நூற்றுப் பதினாறு, எதிர்ப்பு ஒன்று. கிறேஸின் சீட்டுத்தான் என்று வின்சன் பெருந்தன்மையோடு சிரித்தார்.

மூன்றாம் நாள் மரியநேசனை விட்டார்கள். வீங்கிய காலோடு வந்தவரை ஊரார் ஒவ்வொருவராக ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "அண்ணை, வெளியிலை சொல்லாதேங்கோ, அந்த எதிர்ச்சீட்டுப் போட்டது நான்தான்." வீடு சேருமுன் பதினேழு பேர் அந்த ஒற்றைச் சீட்டைப் போட்டுவிட்டிருந்தார்கள்.

குசினிக்குள் அடுப்படியில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எனக்கெல்லோ தெரியும், அது நீர் போட்டதெண்டு."

கிறேஸ் சிரிக்கவில்லை. "இஞ்சருங்கோ, நான் வின்சனுக்குத்தான் போட்டனான். நீங்கள் உயிரோட வரவேணுமெண்டு."

அடித்தபோது வராத அழுகை மரியநேசனுக்கு அப்போது வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்பிடியெண்டால், அந்தப் பதினேழு பேரிலை ஒருத்தன் உண்மை சொல்லியிருக்கிறான்."