கிட்டப் போய் எடுத்த படம்

கே.கே. நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வாரமெல்லாம் உட்கார்ந்திருக்கும் பெலிண்டாவுக்கு ஞாயிறு என்றால் கொள்ளிடக்கரைதான். சர்ச்சில் சனிக்கிழமை சாயங்காலப் பூசையிலேயே கலந்துகொண்டுவிட்டு, மறுநாள் விடியலில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்துவிடுவாள். தோளில் யாரோ பயன்படுத்தி விற்ற கேமரா. அதோடு வந்த சின்ன லென்ஸ். அதில் கொக்குகூட வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும்.

கரையில் பழக்கமானவர் ப்ரியம்வதா, சித்திரை வீதியில் குடியிருக்கும் பேங்க் அதிகாரி. அவருடைய லென்ஸ் முழங்கை நீளம் இருக்கும். நின்ற இடத்திலிருந்தே மீன்கொத்தியின் கண்ணை எடுத்துவிடுவார். ஒருமுறை பெலிண்டா அதை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது மனசு என்னவோ செய்தது. அதன்பின் அவர் நீட்டினாலும் வேண்டாம் என்றுவிடுவாள். ஆஸ்பத்திரியில் ஆளில்லாத நேரங்களில் செல்போனில் அந்த லென்ஸின் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நம் கைக்கு அது வராது என்று தெரியும். ஆகவே பறவைகளுக்குக் கிட்டப் போகப் பழகிக்கொண்டாள். மணலில் முழங்கையை ஊன்றி, மூச்சையடக்கி ஊர்ந்து போவாள்.

பங்குனி வெயிலில் வற்றிக் கிடந்த ஆற்று நடுவில் ஒரு கூழாங்கல் மேடு. அதில் ஆள்காட்டிக் குருவி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. பெலிண்டா அதை நோக்கி ஊர்ந்தாள். ஒரு படம் எடுத்தாள்; அவள் எடுத்ததிலேயே நல்ல படம். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். குருவி கத்திக்கொண்டு எழுந்து தலைக்கு மேலே வட்டமிட்டது. அது திரும்பி வந்து உட்காரும் என்று நினைத்து அவள் அங்கேயே அசையாமல் படுத்துக் கிடந்தாள். அவள் கிடந்ததால்தான் அது வரவில்லை.

காக்கை வந்தது. அவள் எழுந்து ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முட்டை உடைந்திருந்தது.

ப்ரியம்வதா மணலில் இறங்கி வந்தார். "விடுங்க பெலிண்டா. நீங்க போகலைன்னாலும் காக்கா வந்திருக்கும்."

"அது உட்கார்ந்திருந்தா வந்திருக்காதுங்க. நான்தான் எழுப்பி விட்டேன்."

குருவி வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறாள். ஆனால் குஞ்சு பொரிக்கும் காலத்தில் மணலில் இறங்குவதில்லை. கரையில் நின்று, ஆறும் வானமுமாக அகலமாய் எடுக்கிறாள். லென்ஸ் ஆசை இன்னும் விடவில்லை. அது இருந்திருந்தால் எட்டவே நின்றிருக்கலாமே என்ற எண்ணமும் இப்போது அதோடு சேர்ந்துகொள்கிறது.