காலால் வாசித்த கீழ்க்குரல்

எங்கள் கோவில் கொயரில் கீழ்க்குரல் பாடும் அண்ணன்மார் மூன்று பேரும் ஏரிக்கரைப் பக்கம் ஹோட்டல்களில் வேலை பார்த்தவர்கள். வருடம் முழுக்கப் பாடுவார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் காணாமல் போவார்கள். சமவெளியிலிருந்து எங்கள் மலைக்கு டூரிஸ்ட் பஸ் பஸ்ஸாக ஏறி வரும் நேரத்தில் எந்த முதலாளி லீவு கொடுப்பார்? அதனால் கேரல் ஆராதனையில் பெண்கள் மேலே, பையன்கள் நடுவே, கீழே ஒன்றுமே கிடையாது. கிதார் நான்தான். என்னதான் அடித்தாலும் பாட்டு தரையில் கால் பாவாமல் மிதந்துகொண்டே இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் அலைந்துகொண்டிருந்தபோது, இந்த வருடம் கீழ்க்குரல் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அப்பா வேலை பார்த்த பள்ளியின் வெளிநாட்டு வாத்தியார் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. பார்க்கத் தடித்த டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். தனியாகத் திரை இல்லை, டி.வி.யில் மாட்ட வேண்டும். சத்தமும் டி.வி. வழியாகத்தான் வரும். புரோகிராம்கள் கேசட்டில். அதில் ஒன்று பாட்டுக்கானது. சுரங்களை வரிசையாக டைப் செய்து வைத்தால் அதுவே கடகடவென்று வாசித்துவிடும். அது எனக்கு உதவாது. எங்கள் கொயர் உருக்கமான வரி வந்தால் இழுக்கும், வாயில் நுழையாத வரி வந்தால் ஓடும். ஆனால் அதிலேயே இன்னொரு வழியும் இருந்தது. கூடவே வந்த ஜாய்ஸ்டிக் என்கிற விளையாட்டுக் குச்சியின் பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் ஒரு சுரம். மறுபடி அழுத்தினால் வரிசையில் அடுத்த சுரம். எந்தச் சுரம் என்பதை அது பார்த்துக்கொள்ளும். எப்போது என்பதை நான் சொன்னால் போதும். என் இரண்டு கையும் கிதாரில் இருக்கும். மிச்சம் இருப்பது கால்.

குச்சியின் கைப்பிடி ஏற்கெனவே உடைந்துதான் கிடந்தது. பொத்தானுக்குப் போகும் இரண்டு வயரையும் வெளியே இழுத்து, ஒரு காலிங் பெல் சுவிட்சில் பற்றவைத்தேன். இரண்டு பலகைத் துண்டுகளைக் கீலால் சேர்த்து, நடுவில் சுவிட்சை வைத்தேன். அதுதான் என் பெடல். மேல்பலகை மிதித்ததும் எழும்பி வர, ஏரிக்கரையில் வாடகைக்குச் சைக்கிள் விடுகிறவரிடம் சீட்டு ஸ்பிரிங் ஒன்று வாங்கினேன். டிசம்பரில் எங்கள் வீட்டு சிமெண்டுத் தரை ஐஸ்தான். கேன்வாஸ் ஷூவும் சாக்ஸுமாக உட்கார்ந்து நாள் முழுக்க மிதித்தேன். டும். டும். டும்.

"ஏண்டி, தறி நெய்யிறியா?" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. "வெரசா முடி. தலைவலிக்குது."

"பழகுறேம்மா."

"நீ பழகு. எங்க காது பழக மாட்டேங்குதே!"

கொயரை நடத்திய ஆண்டி தமிழ் டீச்சர். கறாரான ஆள். ஒத்திகைக்குக் கொண்டுவந்து காட்டு, சரிப்பட்டால்தான் ஆராதனையில் சேர்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அப்பாவும் நானும் டி.வி.யைக் கம்பளியில் சுற்றி, பனிமூட்டத்தில் மேட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். கோவில் வாசலில் வழக்கம்போல் ஷூவைக் கழற்றினேன். பாடகர் இடம் பீடத்துக்குப் பக்கத்தில். அங்கே சாக்ஸும் கூடாது என்பது ஆண்டியின் சட்டம். அதையும் கழற்றினேன். வெறுங்காலைப் பலகையில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற கோவில் இது. வீட்டில் ஒரு தரம்கூட நான் வெறுங்காலோடு மிதித்துப் பார்க்கவில்லை.

கல்தரைக் குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஷூ போட்ட குதிகாலுக்குப் பணிந்த ஸ்பிரிங் இந்தக் காலுக்குப் பணியவில்லை. பாதி அமுங்கி நடுங்கியது. சுவிட்ச் ஒரே மிதியில் இரண்டு தரம் தொட்டது. வரிசை ஒரு சுரம் முன்னால் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு என் கால் சரியான நேரத்தில் விழ விழ, தப்பான சுரமாகவே வந்தது.

"ஏலே, டி.வி.க்குள்ள தவளை கெடக்குடா!" என்றான் நடுக்குரல் பையன் ஒருவன். மொத்தக் கொயரும் சிரித்துக் கலைந்தது.

ஆண்டி சிரிக்கவில்லை. "பிள்ள, ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆராதனை. நடுவுல ஒரே ஒரு ஒத்திகைதான் இருக்கு. அதுலயும் இப்பிடின்னா கிதார மட்டும் தூக்கிட்டு வா. எனக்கு வேற சோலி இருக்கு."

திரும்பி வரும் வழியில் அப்பா, "விட்ருவமாத்தா?" என்று கேட்டார்.

"விட மாட்டேம்ப்பா."

"அப்ப டி.வி.ய இன்னொருக்க தூக்கணும்ங்கிற."

"ரெண்டு தடவப்பா. ஆராதனைக்கும் தூக்கணும்ல."

ஸ்பிரிங்கைப் பிடுங்கி எறிந்தேன். அதன் இடத்தில் ஒரு பழைய மெத்தையின் ஸ்பாஞ்சை வெட்டி வைத்தேன். பெருவிரல் பட்டாலே அமுங்கியது. அமுங்கினால் போதுமா, ஒரு மிதிக்கு ஒரு சுரம்தானே வர வேண்டும்? புரோகிராமைத் திறந்து பார்த்தேன். நல்லவேளை, கையேட்டை வைத்துப் படித்துப் புரிந்துகொள்ளும்படி 'பேசிக்' என்கிற எளிய கம்ப்யூட்டர் மொழியில்தான் எழுதியிருந்தது. பொத்தான் அழுந்தியதும் கொஞ்ச நேரம் வேறு எதையும் காதில் வாங்காதே என்று அதில் ஒரு வரி சேர்த்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நீண்டால் வேகமான இடத்தில் சுரம் விட்டுப்போகிறது. குறைந்தால் மறுபடி தவளை. அந்த வரியில் இருந்த எண்ணை மாற்றி, மிதித்து, மறுபடி மாற்றி, ஒருவழியாகப் பிடித்தேன். பிறகு காலுக்குப் பயிற்சி. வெள்ளனே எழுந்து, ஷூ சாக்ஸ் எதுவும் இல்லாமல், பெடலைப் பின்வாசல் கல்லில் போட்டு மிதித்தேன். அம்மா பாவப்பட்டு வெந்நீர் கொண்டுவந்தார். வாங்கவில்லை. கோவிலில் வெந்நீர் கிடைக்காது.

அடுத்த ஒத்திகையில் பிசகவில்லை. ஆண்டி "ம்" என்றார். அவ்வளவுதான். அது போதும்.

ஞாயிறு மாலை கோவில் நிரம்பியிருந்தது. முதல் பாட்டில் கீழ்ச்சுரம் விழுந்ததும் முன்வரிசை பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டும் நன்றாகப் போனது. மூன்றாவதில், ஆண்டி ஒரு வரியை யாரும் எதிர்பாராமல் இழுத்தார். என் கால் நிற்கவில்லை. ஒரு மிதி அதிகம். சுரம் முன்னால் போய்விட்டது. இனி வருவதெல்லாம் தப்பு.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், கணக்குதான். அது என்னைவிட ஒரு சுரம் முன்னால் போய் நிற்கிறது. நான் ஒரு மிதியை விட்டால் பாட்டு வந்து அதோடு சேர்ந்துகொள்ளும். காலைத் தூக்கினேன். கிதாரை மட்டும் அடித்தேன். அடுத்த கீழ்ச்சுரம் விழ வேண்டிய இடம் வெறுமையாகக் கடந்தது. ஆண்டியின் கண் என் மேல் வந்து நின்றது. அதற்கடுத்த தாளத்தில், விரல்கள் மரத்திருந்தாலும், பெருவிரலை இறக்கினேன்.

சரியான சுரம். அடுத்ததும் சரி. கடைசிச் சரணம் முழுக்க என் கால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

ஆராதனை முடிந்து நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஆண்டி வந்தார். "மூணாவது பாட்டுல ஒரு எடத்துல ஒன் பெட்டி வாயடச்சுப் போச்சே?"

"நாந்தான் நிறுத்துனேன், ஆண்டி. வேணும்னுதான்."

ஆண்டி குனிந்து பெடலை எடுத்து என்னிடம் நீட்டினார். "வருசப் பிறப்புக்கும் அந்த மூணு பயலுகளுக்கு லீவு கெடைக்காது. நாலு பாட்டு எடுத்து வைக்கிறேன். நாளைக்கே வந்து வாங்கிட்டுப் போ."

நான் நாளை வரை காத்திருக்கவில்லை. அப்போதே, அவர் பின்னாலேயே போய் வாங்கிக்கொண்டேன்.