ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நாலு மணி நேரம்

எங்கள் அம்மாவுக்கு இன்றைக்கு என்று ஒரு நாளே கிடையாது. எல்லாம் நாளைக்குத்தான். ஞாயிறு பூசையில் முழங்காலில் இருக்கும்போதே திங்கட்கிழமை இட்லிக்கு அரிசி ஊறப்போடுவதைப் பற்றி யோசிப்பாள். வெளியில் வந்ததும் அதை அவளே சொல்லியும் விடுவாள். யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சோப்பு, "நல்ல நாளைக்கு ஆகட்டும்" என்று பீரோவுக்குள்ளேயே இருந்து வாசனை போய்விட்டது. இயேசு வீட்டுக்கு வந்திருக்கும்போது அவர் பக்கத்தில் உட்காராமல் அடுப்படியிலேயே அல்லாடினாளே மார்த்தா, அந்த வாசகம் கோயிலில் வரும்போதெல்லாம் அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டி அம்மாவைப் பார்ப்பார். அம்மா கவனிக்காதது போலப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள்.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கன்னியாஸ்திரியாக இருந்த என் சித்தி இரண்டு நாள் விடுப்பில் வந்தாள். அவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த விடுப்புக்கு ஐந்து வருஷம் ஆகும். தாயில்லாமல் போன அந்தத் தங்கைக்குத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள் அம்மா. அப்படியிருக்க அந்த இரண்டு நாளும் அவள் என்ன செய்திருக்க வேண்டும்? தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். அவளோ பருப்புப்பொடி அரைத்தாள், எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டாள், முறுக்குப் பிழிந்தாள், அதிரசம் சுட்டாள்.

சித்தி அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காரேன்."

"இந்தா, வந்துட்டேன்."

எத்தனை 'இந்தா' என்று எண்ண ஆரம்பித்த நான் இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

"பரலோக மந்திரத்துல இன்னிக்குத்தானேக்கா சாப்பாடு கேக்குறோம்? நீ அஞ்சு வருஷத்துக்குக் கட்டுற," என்றாள் சித்தி.

"ஆமாண்டி, அங்க உனக்கு யாரு அதிரசம் சுட்டுக் குடுப்பா?"

வெளியாட்கள் முன்னால் 'சிஸ்டர்', வீட்டுக்குள் 'டி'. சித்தி சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் வாடிப்போனது எனக்குத் தெரிந்தது. அம்மா அப்போது எண்ணெய்ச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மாமேல் கோபமாக வந்தது.

மறுநாள் மத்தியானம் சித்திக்குச் சென்னை ரயில். அங்கே மடத்தில் ஒரு நாள் தங்கிவிட்டு விமானம் ஏற வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒர்க்ஷாப் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் எழுந்திருப்போம், சங்கு ஊதினால் சோறு போடுவார்கள். அதனால் அம்மா, "சாப்பாட்டுச் சங்கு ஊதுனதும் கிளம்பிடலாம்" என்றாள். தெருமுனை ஆட்டோக்காரரிடமும் அதையே சொல்லி வைத்திருந்தாள். அப்பா துறையூருக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். சித்தியும் பேச்சுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, பொட்டலம் கட்ட உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பசித்தது. "அம்மா, இன்னும் சங்கு ஊதலையா?"

"ஊதும் ஊதும். பொறு."

முந்தின நாள் ஆயுத பூஜை. ஒர்க்ஷாப்பிலிருந்து அப்பா கொண்டுவந்த பொரியும் கடலையும் மேஜைமேல்தான் இருந்தன. நானும் அதைத்தான் கொறித்துக்கொண்டிருந்தேன். பூஜைக்கு மறுநாள் ஒர்க்ஷாப் லீவு, லீவு நாளில் சங்கு ஊதாது என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அது உறைக்கவேயில்லை. சித்திதான் கையிலிருந்த நூலைக் கீழே போட்டாள். "அக்கா! இன்னிக்கு லீவாச்சே!"

நான் தெருமுனைக்கு ஓடினேன். ஆட்டோக்காரர் பின்சீட்டில் காலை வெளியே நீட்டிப் படுத்திருந்தார். "என்ன பாப்பா, இன்னும் சங்கே ஊதல?" என்று என்னையே கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு ஆட்டோவை விரட்டினார்.

"ஜங்ஷன்ல பிடிக்க முடியாது. ஸ்ரீரங்கத்துல நிக்கும், அங்க பாக்கலாம், ஏறுங்க சிஸ்டர்!"

காவிரிப் பாலம் வரைக்கும் அம்மா ஜெபமாலை சொன்னாள். அருள் நிறை மந்திரம் பாதி, "கொஞ்சம் வேகமாத்தான் போயேன்ப்பா" பாதி. நாங்கள் பிளாட்பாரத்துக்குள் ஓடியபோது ரயிலின் கடைசிப் பெட்டி எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அங்கேயே பையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். "எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். உன்னைய நேரத்துக்கு அனுப்பி வைக்கக்கூட எனக்குத் துப்பில்லையே."

சித்தி கவுண்டரில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அடுத்த ரயிலுக்கு நாலு மணி நேரம் இருந்தது. விமானம் மறுநாள் ராத்திரிதான், ஒன்றும் கெட்டுப்போகாது. அங்கிருந்த பூத்திலிருந்து மடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம். சுடச்சுட ரசம் வெச்சித் தரேன்."

"இந்தத் தடவையும் விட்டுட்டா? வேணாங்க்கா. உக்காரு," என்றாள் சித்தி, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து.

அம்மா உட்கார்ந்தாள். வேறு வழியில்லை. அங்கே அடுப்பில்லை, கழுவப் பாத்திரமில்லை. கொஞ்ச நேரம் பை முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். சித்தி அந்தப் பையை வாங்கி, அதிரச டப்பாவைத் திறந்தாள்.

"ஏண்டி, அது அங்க கொண்டுபோறதுக்குடி!"

"நான் இங்கதானேக்கா இருக்கேன்," என்று சித்தி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் ஒன்றை எடுத்தாள். தான் சுட்ட அதிரசத்தை அவள் உட்கார்ந்து சுவைத்துச் சாப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொல்வார்கள், சிங்கம் யானையெல்லாம் வரும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர்களோ, சின்ன வயதில் வளர்த்த நாய்க்கு எந்தக் காது வெள்ளை என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். அம்மாவுக்கு வாய்விட்டுச் சிரித்ததில் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மாவின் கை சித்தியின் கைமேல் இருந்தது. ரயில்கள் வந்தன, போயின. கோயிலுக்கு வந்தவர்கள் துளசி மாலையும் பிரசாதப் பையுமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அலுப்பு தாங்கவில்லை. ஜெபமாலையில் மிச்சத்தைக்கூடச் சொல்லி முடிக்கவில்லையே என்று வேறு நினைத்தேன்.

ரயில் வந்ததும் சித்தி, "போயிட்டு வரேன்க்கா" என்றாள். அம்மா அவள் நெற்றியில் சிலுவை வரைந்து, "போயிட்டு வாம்மா" என்றாள். அழுது ஊரைக் கூட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன், அழவில்லை.

அத்தோடு அம்மா திருந்திவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் விடிந்ததும் பழைய அம்மாதான். ஐந்து வருஷம் கழித்துச் சித்தி வந்தபோதும் அம்மா அடுப்படியில்தான் நின்றாள்.

ரயிலை விட்ட அன்று சாயங்காலம் அப்பா துறையூரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நான் கோள்மூட்டப் போய்விட்டேன்.

"அப்பா, ரயில விட்டுட்டோம். அப்புறம் அம்மாவும் சித்தியும் நாலு மணி நேரம் ஒண்ணுமே செய்யலப்பா. ஸ்டேஷன்ல சும்மா உக்காந்திருந்தாங்க."

அப்பா நின்றார். "அம்மாவுமா?"

"ஆமா."

"நடுவுல எழுந்திருக்கல?"

"ஒரு தடவகூட இல்லப்பா."

ரயிலை விட்டதற்கு அம்மாவுக்கு நல்ல டோஸ் விழும் என்று நான் காத்திருந்தேன். அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "மொதல்லேர்ந்து சொல்லு," என்றார். சொன்னேன். முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லு பாப்போம்," என்றார். ஒன்றுமே நடக்காத ஒரு சாயங்காலத்தை இரண்டாம் தடவையும் கேட்க இந்த மனுஷனுக்கு அப்படி என்ன ஆசை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.