மாமா மாட்டிய மீன் மிஷின்

எங்கள் மாமா எதையும் கழற்றுவார். திரும்ப மாட்டத்தான் மாட்டார். ஓசூரில் எங்கள் வாடகை வீட்டு மிக்சி ஒரு மழைக்காலம் முழுக்கப் பரணில் துண்டு துண்டாகக் கிடந்தது. அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டே தன் தம்பியைத் திட்டுவாள். அந்தத் திட்டில் சூடே இருக்காது.

அம்மாவின் ஊர் தெற்கே கடற்கரையில். தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷமே அம்மா தன் தம்பியைக் கையோடு அழைத்துவந்து, அப்பா வேலை பார்த்த கம்பெனியில் சேர்த்துவிட்டாளாம். பக்கத்தில் கடல் இல்லை என்பதுதான் ஓசூரில் அவளுக்குப் பிடித்த விஷயம். மாமாவுக்கு அங்கே பிடிக்காததும் அதுதான்.

நான் நாலாவது படித்தபோது, ஊரில் ஒரு கூட்டாளி மீன்பிடிக்க ஃபைபர் வள்ளம் வாங்கிவிட்டு மாமாவையும் தொழிலுக்குக் கூப்பிட்டார். மாமா பெங்களூர் பழைய சாமான் சந்தைக்குப் போய் மீன் காட்டும் மிஷின் ஒன்றை வாங்கிவந்தார். சின்னத் திரை, நீளமான ஒயர், அதன் நுனியில் தண்ணீருக்குள் இருக்க வேண்டிய சென்சார். அடியில் மீன் போனால் திரையில் மீன் படம் வருமாம். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றார். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். கிருஷ்ணகிரி அணையில் அவரே அதை மாட்டி மீனைக் காட்டட்டும், காட்டினால் போகலாம். மிக்சியை நினைத்துத்தான் அவ்வளவு தைரியமாகச் சொல்லியிருப்பாள்.

எனக்குக் கவலையே இல்லை. கடலுக்குப் போவதும் செகண்ட் ஷிப்ட் போவதும் ஒன்று என்று நினைத்திருந்தேன். டிபன் பாக்ஸோடு போகிறவர் டிபன் பாக்ஸோடு வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரும் பஸ் ஏறினோம். குருபரப்பள்ளி தாண்டும்போதே மாமா சீட்டிலிருந்து எழுந்துவிட்டார். அணையில் ஒருவர் தன் பரிசலைத் தரச் சம்மதித்தார். மிஷினோடு வந்த தாளில் படகின் பின்பக்கம் மாட்டவும் என்று போட்டிருந்தது. வட்டப் பரிசலுக்கு எது பின்பக்கம்? மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பரிசல்காரர் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஃபைபர் வள்ளத்தில் உள்பக்க அடியிலேயே ஒட்டிவிடலாம் என்று கூட்டாளி போனில் சொல்லியிருந்ததால், மாமா இங்கேயும் கிரீஸ் தடவி உள்ளேயே ஒட்டினார். ஆனால் இது மூங்கில் பின்னல். வெளியே தார் பூசிய சாக்கு. நடுவில் இருந்த காற்று சென்சார் அனுப்பும் ஒலியைக் கீழே விடவில்லை. திரையில் ஒன்றுமே வரவில்லை. அந்தத் தார் வாசனையும் மாமாவின் கிரீஸ் கையும் இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா, யாரும் கேட்காமலே, மாமாவுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தாள். தோற்றவருக்கு எதற்கு விருந்து என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வாரத்தில் மாமா மிக்சியை முழுசாக மாட்டி ஓட்டிக் காட்டினார். தேங்காய்ச் சட்னி வெண்ணெயாக அரைபட்டது. அம்மா மட்டும் சட்னியைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு, எல் மாதிரி வளைத்த இரும்புப் பட்டையோடு அணைக்கு வந்தார். அதைப் பரிசலின் விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கி, சென்சாரை வெளியே தண்ணீருக்குள் தொங்கவிட்டார். இனிமேல் இதுதான் பின்பக்கம் என்று அறிவித்தார். பரிசல் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சுற்றியது. ஆனால் திரையில் ஆழம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மீன் வந்தது, அதன் பின்னால் இன்னும் சில. கரையில், தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மாவைப் பரிசலிலிருந்து நான்தான் கத்திக் கூப்பிட்டேன்.

பரிசலைக் கரைக்கு விட்டதும், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, கரை எந்தப் பக்கம்னு இது காட்டுமா?"

"அதுக்கு வேற மிஷின் இருக்குக்கா" என்றார் மாமா.

"அப்பம் அதையும் வாங்கிட்டுப் போ."

திரும்பி வரும்போது, அம்மாவுக்கும் மிஷின் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்பாவின் காதில் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. முன் சீட்டில் மாமா அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஓசூர் வந்து பஸ்ஸிலிருந்து மற்ற எல்லோரும் இறங்கிய பிறகும் அம்மா அவரை எழுப்பவில்லை.