முயலுக்கு ஊற்றிய பால்

எங்கள் வீட்டு முயலுக்குப் பெயர் கிடையாது. என் மகள் அதை 'டேய்' என்று கூப்பிடுவாள், நான் 'முயலு' என்பேன், என் மனைவி 'சனியன்' என்பாள். மூன்றுக்கும் அது காதைத் திருப்பும். மகள் பள்ளியில் படிக்கும்போது பொன்னேரி சந்தையில் தரையில் உட்கார்ந்து அழுது வாங்கிய குட்டி அது. அவள் வளர்ந்து தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போனாள். அங்கே ஒருவனைப் பிடித்துப்போய், எங்களிடம் சொல்லாமல் கட்டிக்கொண்டு, பொன்னேரியிலேயே குடித்தனம் வைத்துவிட்டாள். முயல் எங்களிடம் தங்கிவிட்டது.

பையன் வேறு சாதி. எங்களுக்குக் கீழே என்று என் மனைவி சொல்லும் சாதி. எங்களையே கீழே என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேரின் பெற்றோரும் அவர்கள் வயலில்தான் குனிந்து நாற்று நட்டார்கள். இதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது. மகள் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது, அவள் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தால் அப்படியே அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான் என்றாள். செய்யக்கூடியவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிச் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

புதுவாயலில் ஷேர் ஆட்டோ ஏறினால் கண்ணசருவதற்குள் பொன்னேரி வந்துவிடும். அந்தத் தூரத்தை இரண்டு வருடமாக என் மகளால் தாண்ட முடியவில்லை.

ஆனால் போனில் பேசுவோம். நான் இரும்புக் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறேன். டீக்கு விடும் நேரத்தில் சத்தம் குறைவான மூலையாகப் பார்த்து நின்று கூப்பிடுவேன். என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாது. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்க அவளுக்கு வரவில்லை. அதனால் முயலைப் பற்றிப் பேசினோம். அது ஓடியது, தூங்கியது, செருப்பைக் கடித்தது. ஒரு முயலைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

போன மழைக்காலம் முடிந்த கையோடு அது சாப்பாட்டில் குறை வைக்க ஆரம்பித்தது. முதலில் புல்லை விட்டது. நெடுஞ்சாலை ஓரத்துப் புல்லில் கரி படிந்திருக்கும் என்று நான் எப்போதும் கழுவித்தான் போடுவேன். சரியாகக் கழுவவில்லை போலும் என்று மறுபடி கழுவினேன். முகர்ந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கேரட்டை வாயில் வைக்கும், கீழே போடும், மறுபடி வைக்கும். ஒரு நாள் கொத்தமல்லித் தழையை ஆவலாகத் தின்றது. உடனே நான் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கி வந்தேன். மறுநாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்க மாட்டான். புழுக்கை சிறுத்துப்போனது. தூக்கினால் கைக்கு எலும்பு தட்டியது.

பொன்னேரியில் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காய்கறி வாங்க வேண்டும் என்று மனைவியும் கூட வந்தாள். டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். வயதாகிவிட்டது, கடைவாய்ப் பல் வளர்ந்து கன்னத்தைக் குத்துகிறது, அதனால்தான் புல்லை மெல்ல முடியவில்லை என்றார். பல்லை அராவிக் குறைப்பதற்குச் சென்னைக்குப் போக வேண்டும், இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா என்பது சந்தேகம். மிருதுவான தீனியாகப் பிசைந்து கையால் கொடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் நன்றாகவே இருக்கும்.

"ஆனா ஒண்ணு. தானா துன்னாதான் குடுக்கணும். வாயத் தொறந்து எதையும் ஊத்திடாதீங்க. பால் ஊத்தவே கூடாது. மூச்சுக்குழாய்ல போச்சுன்னா அதோட முடிஞ்சிது" என்றார்.

என் மனைவி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "இன்னா சார், பாலு ஊத்துனா செத்துடுமா?" என்று அவளே திருப்பிக் கேட்டாள். ஆமாம்மா என்றார். அன்று சாயங்காலமே இதை மகளிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

வெள்ளைப் பூசணியை, மஞ்சள் பூசணியை, வாழைப்பழத்தை எல்லாம் நான் பிசைந்து நீட்டிப் பார்த்தேன். தொடவில்லை. இரும்பு பிடிக்கிற கை, எண்ணெய் வாசம் போகாது. கடைசியில் அது யார் கையில் சாப்பிட்டது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் மனைவி ஒரு நாள் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, வேகவைத்த மஞ்சள் பூசணியை மூன்று விரலால் மசித்து அதன் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"துன்னு சனியனே. துன்னுட்டு சாவு" என்றாள்.

தின்றது. விரலை நக்கியது.

அதிலிருந்து வேளா வேளைக்கு அவள்தான். வாய் திட்டிக்கொண்டே இருக்கும், கை மசித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் பூசணி, அது சலித்தால் பப்பாளி, அதுவும் சலித்தால் ஊறவைத்த அவல் என்று அதன் நாக்கு போகிற போக்கில் இவளும் போனாள். முயல் தேறியது. அவள் காலடிச் சத்தம் கேட்டால் கூண்டுக்குள் எழுந்து நிற்கும். "அவகிட்ட இத்த சொல்லிக்கினு இருக்காதே" என்று என்னை எச்சரித்தாள். நான் எச்சில் காய்வதற்குள் சொல்லிவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. மறுமுனையில் மகள் அழுதாள்.

"அம்மா மனசு மாறிடுச்சா நைனா?" என்று கேட்டாள்.

மாறிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். மகள் வளர்த்த முயலுக்குச் சோறூட்டுகிறவள் மகளை எத்தனை நாள் வெளியே நிறுத்துவாள்? முயலுக்கு உடம்பு சரியில்லை, ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போ, அந்தச் சாக்கில் உள்ளே வந்துவிடலாம் என்று மகளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. முயல்தான் எனக்குக் கிடைத்த ஒரே சாவி. அதைத் தொலைத்துவிடக்கூடாது என்று கூண்டைச் சுற்றிச் சாக்குக் கட்டிக் காற்றுப்படாமல் வைத்தேன்.

சனிக்கிழமை, ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புமுன், மகள் நாளைக்கு வருகிறாள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முயலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். அவள் கத்தவில்லை. தட்டில் இருந்தது முழுவதையும் ஊட்டி முடித்தாள். முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள். மௌனம் சம்மதம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் என் மனைவியைப் பார்த்திருக்க மாட்டான். நான் மட்டும் விசிலடிக்காத குறையாக வேலைக்குப் போனேன்.

காலையில் திரும்பியபோது வாசலில் எதிர்வீட்டு அம்மா நின்றிருந்தார். உள்ளே என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் முயல். கையில் என் மகள் குழந்தையாக இருக்கும்போது பால் புகட்டிய பாலாடை. முயலின் தாடையிலும் மார்பிலும் பால் வழிந்து மயிர் ஒட்டிக் கிடந்தது. கண் திறந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்குச் சொந்தபந்தம் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றுவது வழக்கம். பெற்ற பிள்ளை ஊற்றினால் உயிர் நிம்மதியாக அடங்கும் என்பார்கள். எதிர்வீட்டு அம்மா அந்த நினைப்பில்தான் இருந்தார்.

"விடிகாலையில இஸ்துகினு இருக்குதுன்னு கூப்ட்டாங்க. நானும் ஒரு வாய் ஊத்தினேன். ரொம்ப நேரம் போராடல, பாவம்" என்றார். "ஒங்க பொண்ணு கையால ஒரு சொட்டு ஊத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"அவ பேரச் சொல்லித்தான் நான் ஊத்தினேன்" என்றாள் என் மனைவி.

அவர் போனபின் கூண்டைப் பார்த்தேன். தட்டில் பப்பாளி பாதி தின்றபடி இருந்தது. புதுப் புழுக்கை கிடந்தது. முயலின் மீசையில் பால் நனைக்காத பக்கத்தில் பப்பாளி நார் ஒட்டியிருந்தது. இழுத்துக்கொண்டு கிடந்த முயல் காலையில் பப்பாளி தின்னுமா? அவளை அடித்துவிடுவேனோ என்று பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அது சாவல. நீ சாவடிச்சிட்ட" என்றேன்.

"இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி சாவப்போற கெழம். அத்த காட்டிக்கினு அவ ஊட்டுக்குள்ள நொழையணுமா? நான் இருக்கசொல்லோ நடக்காது" என்றாள். பிறகு, "அதுக்கு என் கைமேல அம்மாம் நம்பிக்க. வாய அதுவே தொறந்துச்சி" என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தாள். பின்னால் குழி தோண்டினேன். பள்ளத்தை மேடாக்க யாரோ கம்பெனிக் கசடைக் கொட்டிய மனை இது. கடப்பாரை இறங்கவில்லை, நெருப்புப் பறந்தது. ஆழமாகத் தோண்ட முடியாமல் மேலாகத்தான் புதைத்தேன். மகளுக்குப் போன் செய்து வராதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. எப்படியாவது வந்து நிற்கட்டும், வந்தபின் இவள் துரத்தவா போகிறாள் என்று ஒரு பேராசை.

வெயில் ஏறியபின் மகள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். கையில் ஒரு பை, அதில் கொத்தமல்லி எட்டிப் பார்த்தது. என் மனைவி கேட்டைத் திறக்காமல் அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முயலப் பாக்கத்தான வந்த? எடுத்தாச்சி. தீட்டு ஊடு, உள்ள வராத."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாதான் ஆறுதலாக வந்து அவள் தோளைத் தொட்டார்.

"அழாதம்மா. உங்கம்மா உன் பேரச் சொல்லித்தான் பாலு ஊத்துச்சி."

மகள் அழவில்லை. டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அதை நான்தானே சொன்னேன். அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடி என்னைப் பார்த்தாள், இந்த முறை நீண்ட நேரம். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தாள். கேட்டைத் திற என்று நான் சொல்லியிருக்கலாம். நானே திறந்திருக்கலாம். மனைவியின் கை அதன்மேல் இருந்தது, நான் பின்னால் நின்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். தெருக்குழாயடிக்குப் போய், யாரோ விட்டிருந்த குடத்தை நிரப்பி, உடுத்திய துணியோடு தலையில் கவிழ்த்துக்கொண்டாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் விலகி நின்றார்கள்.

"இன்னாடி இது, நடுத்தெருவுல நாடகம்? ஒரு முயலுக்கா தல முழுகுற?" என்றாள் என் மனைவி.

மகள் ஈரம் சொட்ட வந்து பையை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"அம்மாவுக்கு அன்னிக்கே முழுகிட்டேன். இது உனக்கு, நைனா."

தலைமுடியைப் பிழிந்து முடிந்துகொண்டு, எதிரே வந்த ஷேர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டினாள்.